வளாகத்துக்கு வரும் பொய் மின்னஞ்சல்

2004ஆம் ஆண்டு, வெஸ்ட் பாயிண்டில் உள்ள அமெரிக்க ராணுவக் கல்விக் கழகத்தின் மாணவர்கள் 500க்கும் மேற்பட்டோருக்கு கர்னல் ராபர்ட் மெல்வில் என்பவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் போனது. உங்கள் மதிப்பெண் அறிக்கையில் ஒரு சிக்கல், கீழே உள்ள லிங்கைத் திறந்து சரிபாருங்கள் என்றது அது. அப்படி ஒரு கர்னல் அங்கே கிடையாது. அவருடைய அலுவலகம் இருப்பதாகச் சொன்ன ஏழாவது மாடியும் அந்தக் கட்டடத்துக்குக் கிடையாது. தினமும் அந்தக் கட்டடத்துக்குள் போய்வரும் மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானோர் லிங்கைத் தட்டிவிட்டார்கள்.

அனுப்பியவர் அங்கே கணினிப் பாதுகாப்பு கற்பித்த ஏரன் ஃபெர்குசன். முதலாண்டு மாணவர்களுக்கு அதற்கு முன்பே நான்கு மணி நேரம் பாதுகாப்பு வகுப்பு நடந்திருந்தது. அவர்களில் 90 சதவீதம் பேர் சிக்கினார்கள். பாடம் தெரியாததால் வந்த வினை அல்ல இது. கர்னல் சொன்னால் செய்ய வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது என்பதுதான் அந்த நிறுவனம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். ஃபெர்குசன் இதற்குக் ‘கர்னல் விளைவு’ என்றே பெயர் வைத்தார். மற்றப் பல்கலைக்கழகங்களில் கர்னல் இல்லை. டீன் இருக்கிறார், பதிவாளர் இருக்கிறார், ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டிய நெறியாளர் இருக்கிறார்.

இன்று இந்தப் பயிற்சி உலகெங்கும் வளாக ஐ.டி. பிரிவுகளின் வழக்கமாகிவிட்டது. ஐ.டி. பிரிவே போலி ஃபிஷிங் மின்னஞ்சல் ஒன்றைத் தயாரித்து அனுப்பும். யார் க்ளிக் செய்தார்கள் என்று குறித்துக்கொள்ளும். சிக்கியவருக்கு ‘இது பரிசோதனை, அடுத்த முறை கவனம்’ என்று ஒரு பக்கம் திறக்கும். திரும்பத் திரும்பச் சிக்கினால் கட்டாய வகுப்பு. தணிக்கையாளர் கேட்டால் காட்ட ஒரு வரைபடமும் கையில் இருக்கும். பெருநிறுவனங்களைவிடப் பல்கலைக்கழகத்துக்கு இது அதிகம் தேவை என்று ஐ.டி. பிரிவுகள் வாதாடுவதில் நியாயம் உண்டு. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் புதியவர்கள் வருகிறார்கள். பேராசிரியர்களின் முகவரி துறைப் பக்கத்தில் ஊரறியக் கிடக்கிறது. முன்பின் தெரியாதவர் அனுப்பும் கட்டுரையைத் திறந்து படிப்பது அவர்களுடைய அன்றாட வேலை.

அந்த வாதத்துக்கு வலுவான ஆதாரம் தந்தது இந்தியானா பல்கலைக்கழகம். 2005இல் அங்கே ஆய்வாளர்கள் சமூக வலைத்தளங்களில் மாணவர்கள் தாங்களே போட்டுவைத்திருந்த நட்பு விவரங்களைத் திரட்டினார்கள். பிறகு நண்பர் அனுப்பியது போலவே ஒரு மின்னஞ்சல். அது கொண்டுபோய் விட்ட பக்கம் பல்கலைக்கழகத்தின் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டது. பக்கத்தின் முகவரியோ பல்கலைக்கழகத்துக்குச் சம்பந்தமே இல்லாதது. நண்பர் பெயரில் வந்ததற்கு 72 சதவீதம் பேர் பாஸ்வேர்டைக் கொடுத்தார்கள். அதே வளாகத்து முகவரியிலிருந்து, பெயர் தெரியாத ஒருவர் அனுப்பியதாக வந்ததற்கு 16 சதவீதம். இந்த இடைவெளியை வேறு எந்த வழியிலும் அளந்திருக்க முடியாது. ‘ஏமாறுவீர்களா?’ என்று படிவம் கொடுத்துக் கேட்டிருந்தால் எல்லோரும் இல்லை என்றுதான் எழுதியிருப்பார்கள்.

மாணவர்கள் கொதித்தார்கள். நெறிமுறைக் குழு அனுமதித்த ஆய்வுதான். ஆனால் முன்கூட்டிச் சொன்னால் ஆய்வே இல்லை என்பதால் சம்மதம் கேட்கப்படவில்லை. அந்தக் கோபத்தை ஒரு முறை நடக்கும் ஆய்வின் விலை என்று ஏற்றுக்கொள்ளலாம். அதையே ஆண்டுக்கு நான்கு தடவை, ஆய்வு என்ற காரணமும் இல்லாமல் செய்யும்போதுதான் கணக்கு மாறுகிறது.

அளப்பது ஒன்று, கற்பிப்பது வேறு. இந்த வழக்கம் கற்பிக்கிறதா என்பதைப் பெரிய அளவில் சோதித்தது சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மருத்துவமனைப் பிரிவு. 19,500க்கும் மேற்பட்ட ஊழியர்கள், எட்டு மாதம், பத்துச் சுற்றுப் போலி மின்னஞ்சல்கள். சிக்கிய உடனே பாடம் காட்டப்பட்டவர்களுக்கும் எந்தப் பாடமும் பெறாதவர்களுக்கும் இடையே தெரிந்த வேறுபாடு 1.7 சதவீதம் மட்டுமே. ஆண்டுதோறும் முடிக்க வேண்டிய கட்டாய வகுப்பை அண்மையில் முடித்தவர்கள், எப்போதோ முடித்தவர்களைவிட மேலாக நடந்துகொள்ளவில்லை. காரணம் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பாடப் பக்கம் திறந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதில் ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை. அகப்பட்டுக்கொண்ட எரிச்சலில், வார்டில் வேலை காத்திருக்கும்போது, யார் உட்கார்ந்து படிப்பார்கள்?

அதே ஆய்வில் இன்னொரு கணக்கு இருக்கிறது. நிர்வாகிகள் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். அவுட்லுக் பாஸ்வேர்டைப் புதுப்பிக்கச் சொன்ன மின்னஞ்சலில் சிக்கியவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு. விடுமுறைக் கொள்கை மாறிவிட்டது என்று சொன்னதில் சிக்கியவர்கள் 30 சதவீதத்துக்கும் மேல். அதே ஊழியர்கள், அதே பயிற்சி. ஆக, சிக்கியோர் சதவீதம் என்பது படிப்பவரின் விழிப்பை அளப்பதைவிட, எழுதியவரின் சாமர்த்தியத்தையே அதிகம் அளக்கிறது. போன ஆண்டு விடுமுறை, இந்த ஆண்டு பாஸ்வேர்டு என்று தூண்டிலை மாற்றிப் போட்டாலே போதும், ‘விழிப்புணர்வு பல மடங்கு உயர்ந்தது’ என்று செனட் கூட்டத்தில் ஸ்லைடு போட்டுவிடலாம். தூண்டிலின் கடினத்தைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் சொல்லும் அறிக்கைக்கு மதிப்பு இல்லை.

தூண்டிலைக் கடினமாக்கினால் சரியாகிவிடுமா? 2024 ஆகஸ்டில் அதே கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகம் அதைச் செய்து பார்த்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய ஊழியர் ஒருவருக்கு எபோலா உறுதியாகியிருக்கிறது, வளாகத்தில் நெருக்கடி என்ற ரீதியில் ஒரு மின்னஞ்சல் போனது. விவரம் பார்க்க லாக்-இன் செய்யச் சொன்னது. பரிசோதனைதான். பீதி கிளம்பிய பிறகு பல்கலைக்கழகத்தின் தகவல் பாதுகாப்புத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். பொதுச் சுகாதாரச் செய்திகள் மீதான நம்பிக்கையை இது குலைக்கக்கூடும் என்பதையும், தென்னாப்பிரிக்காவைப் பற்றித் தவறான எண்ணம் பரப்பியதையும் அவரே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. புலி வருது கதையில் கத்தியவன் விளையாட்டுப் பையன். இங்கே கத்தியது காவலுக்கு நின்றவரே. நாளை நிஜமாகவே ஒரு தொற்று எச்சரிக்கை போனால், அதைத் திறக்கலாமா கூடாதா என்று தயங்கும் ஊழியரைக் குறை சொல்ல முடியுமா? உண்மையான குற்றவாளி எபோலாவைப் பயன்படுத்தத் தயங்க மாட்டான் என்ற சமாதானம் அடிக்கடி கேட்கிறது. குற்றவாளிக்கு வளாகத்தின் நம்பிக்கையைக் காப்பாற்றும் பொறுப்பு இல்லை, ஐ.டி. பிரிவுக்கு உண்டு.

இத்தனைக்குப் பிறகும் இந்த வழக்கத்தைத் தலைமுழுகிவிடலாம் என்று சொல்வதற்கில்லை. ஜூரிக்கின் ஈ.டி.ஹெச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் 14,000க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் 15 மாதம் இதைச் சோதித்தார்கள். சிக்கியவருக்கு உடனே காட்டும் பாடம் உதவவில்லை. சிலரை இன்னும் எளிதில் சிக்க வைத்தது என்றுகூடக் கண்டார்கள். ஆனால் மின்னஞ்சல் பெட்டியிலேயே ‘சந்தேகம், புகார் செய்’ என்று ஒரு பொத்தான் வைத்தபோது ஊழியர்கள் அதைச் சலிக்காமல் அழுத்தினார்கள். புதிய தாக்குதல் தொடங்கிய சிறிது நேரத்திலேயே முதல் புகார்கள் வந்துவிட்டன. நூறு பேரில் முப்பது பேர் சிக்கினாலும், முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒருவர் புகார் செய்தால் மீதிப் பெட்டிகளிலிருந்து அந்த மின்னஞ்சலை எடுத்துவிட முடியும். க்ளிக் செய்து தொலைத்தவரும் கூசாமல் ஹெல்ப் டெஸ்க்கைக் கூப்பிட வேண்டும். கட்டாய வகுப்பு என்ற தண்டனை இருக்கும் இடத்தில் அவர் கூப்பிடுவாரா என்பது சந்தேகமே.

க்ளிக்கோடு கதை முடிவதில்லை என்பதற்கு நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் சாட்சி. அங்கே 2019 அக்டோபர் நடுவில் ஃபிஷிங் மின்னஞ்சல் வழியாக ஆட்கள் உள்ளே நுழைந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, டிசம்பர் 23 அன்று, 267 சர்வர்கள் பூட்டப்பட்டன. இடையில் இரண்டு மாதத்துக்கும் மேல். அத்தனை நாளும் அவர்கள் உள்ளே நடமாடினார்கள். அப்டேட் போடாத சர்வர்கள் வழிவிட்டன. நெட்வொர்க் தனித்தனிப் பகுதிகளாகச் சரியாகப் பிரிக்கப்படவில்லை. சில பேக்கப்புகளும் அதே நெட்வொர்க்கில் இருந்ததால் சேர்ந்து பூட்டிக்கொண்டன. 30 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 2 லட்சம் யூரோ கொடுத்துப் பூட்டைத் திறக்கும் சாவியைப் பல்கலைக்கழகம் வாங்கியது. பழியை மின்னஞ்சல் திறந்தவர் தலையில் கட்டாமல், 2020 பிப்ரவரியில் நிர்வாகம் எல்லாவற்றையும் பொதுமேடையில் சொன்னது பாராட்ட வேண்டிய காரியம். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் மோசம். 2018 நவம்பரில் மூத்த ஊழியர் ஒருவருக்கு வந்த மின்னஞ்சலை முன்னோட்டத்தில் பார்த்ததே ஆட்கள் உள்ளே நுழையப் போதுமாயிருந்தது. லிங்கைத் தொட வேண்டிய தேவையே இருக்கவில்லை. எந்தப் பயிற்சி அவரைக் காப்பாற்றியிருக்கும்?

சான் டியேகோ ஆய்வாளர்கள் பயிற்சிக்குச் செலவிடும் பணத்தை இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கும், சரியான முகவரியில் மட்டுமே பாஸ்வேர்டை நிரப்பும் மென்பொருளுக்கும் திருப்பச் சொல்கிறார்கள். இந்தியானா மாணவர்களிடம் அந்த மென்பொருள் இருந்திருந்தால், நண்பர் பெயரைப் பார்த்து அவர்கள் மயங்கினாலும் அது மயங்கியிருக்காது. அந்நிய முகவரியில் பெட்டி காலியாகவே நின்றிருக்கும். யு.எஸ்.பி. பாதுகாப்புச் சாவியைக் கட்டாயமாக்கிய பிறகு 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்களில் ஒருவரின் கணக்கும் ஃபிஷிங்கில் பறிபோகவில்லை என்று கூகுள் 2018இல் தெரிவித்தது. பல்கலைக்கழகத்தில் அதை எல்லோர் கையிலும் கொடுப்பது கூகுளில் போல எளிதல்ல. விருந்தினர் ஆய்வாளர்கள், ஓய்வுபெற்ற பேராசிரியர்கள், துறைவாரியான பழைய சர்வர்கள் எல்லாம் குறுக்கே நிற்கும். சம்பளம், தேர்வு, ஆய்வு நிதி ஆகியவற்றைக் கையாளும் அலுவலகங்களிலிருந்து தொடங்கலாம். அதோடு போலி மின்னஞ்சல் பயிற்சியும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை நடக்கட்டும். சிக்கியவர் பெயரைக் குறிக்காமல், முதல் புகார் எத்தனை நிமிடத்தில் வந்தது, ஐ.டி. பிரிவு அதற்கு எத்தனை நிமிடத்தில் பதில் சொன்னது என்ற இரண்டை மட்டும் குறித்தால் போதும். இரண்டாவது எண் பரிசோதிப்பது ஐ.டி. பிரிவையே.