தோழி இல்லாத களவு

முகூர்த்த நாளன்று சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் சாலை வழியே நடப்பவர், ஸ்ரீ மாரியம்மன் கோயில் வாயிலில் மணமக்களைக் காணாது கடந்து செல்லுதல் அரிது. 1827ஆம் ஆண்டில் நாராயண பிள்ளை தோற்றுவித்த அக்கோயில், சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயிலாகும். பக்கத்துத் தெருக்கள் பகோடா ஸ்திரீட் என்றும் டெம்பிள் ஸ்திரீட் என்றும் பெயர் பெற்றமைக்கு அக்கோயிலே காரணம். இந்துத் திருமணங்களை நடத்திவைக்கும் உரிமை ஒரு காலத்தில் அக்கோயில் ஒன்றுக்கே இருந்தது. ஆகவே, சீனர் கடைகள் சூழ்ந்த அவ்விடம் நம்மவர்க்குச் சாட்சியின் இடம். இருவர் தமக்குள் பேசிக்கொண்ட சொல், ஊரறிந்த சொல்லாக மாறிய இடம் அது.

அண்மையில் அங்கு நடந்த திருமணமொன்றில், மணமக்கள் எவ்வாறு அறிமுகமாயினர் என்று மணமகனின் தாயாரைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தம் கைப்பேசியை உயர்த்திக் காட்டி, "இதுதாங்க ஐயா தரகர்" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்ன அச்சொல் என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. கைப்பேசியில் இயங்கும் துணைதேடும் செயலி உண்மையில் தரகர்தானா? பாங்கனா? தோழியா? அன்றி வேறொன்றா? இவ்வினாவுக்கு விடை காணத் தமிழாசிரியராகிய நாம் வெளியே சென்று அளவுகோல் தேட வேண்டுவதில்லை. நம் அகப்பொருள் இலக்கணமே அதனைத் தருகிறது.

செயலியின் இயல்பு

முதலில் செயலி இயங்கும் முறையைக் காண்போம். சேர்பவர் தம் பெயர், அகவை, படம், தொழில், விருப்பங்கள் ஆகியவற்றைத் தன்விவரமாகப் பதிகிறார். செயலி அவருக்குப் பிறருடைய விவரங்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. 2012இல் தோன்றிய டிண்டர் பரப்பிய முறைப்படி, படத்தை வலப்பக்கம் தள்ளினால் விருப்பம். இடப்பக்கம் தள்ளினால் மறுப்பு. இருவரும் ஒருவரை ஒருவர் விரும்பினால் மட்டுமே உரையாடல் திறக்கும். யார் யாரை விரும்புகின்றனர், யாரிடம் நெடுநேரம் பேசுகின்றனர் என்பவற்றைக் கணினி குறித்துக்கொண்டு, அடுத்து யாரைக் காட்டலாம் என்று கணக்கிடுகிறது.

இக்கணக்கில் உயர்ந்த அறிவும் உண்டு. டேவிட் கேல், லாய்டு ஷாப்லி என்னும் இருவர் 1962இல் வெளியிட்ட நிலையான இணைகள் பற்றிய கணிதமுறையைத் தழுவியே ஹிஞ்ச் என்னும் செயலி தன் பரிந்துரைகளை அமைத்தது. ஷாப்லி 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். ஆயினும், அக்கணிதம் விருப்பப் பட்டியல்களை இணைக்குமேயன்றிப் பட்டியலை எழுதியவர் மெய்யானவரா என்று ஆராயாது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தலைவன் தலைவியர்க்கு இருக்கவேண்டிய பத்து ஒப்புமைகளைக் கூறுகிறது. அவற்றுள் ஆண்டு, உருவம் முதலியன செயலிக்கு எட்டும். நிறை, அருள், உணர்வு ஆகியன எவ்வாறு எட்டும்?

செயலியால் விளைந்த நன்மையை மறைத்தல் நேர்மையன்று. சிங்கப்பூரில் தமிழர் சிறுபான்மையினர்; தெரிவு குறுகியது; வேலை நேரமோ நீண்டது. கணவரை இழந்தவர், மணமுறிவு பெற்றவர், அகவை கடந்தவர் ஆகியோருக்காக எந்த உறவினரும் வீடுவீடாகச் சென்று பெண்ணோ மாப்பிள்ளையோ தேடுவதில்லை. இத்தகையோர்க்குக் கதவு திறந்துவிட்டது இணையம். முருகவேல் ஜானகிராமன் 1997இல் அமெரிக்காவில் இருந்தபோது தமிழர்க்கெனத் தொடங்கிய இணையத்தளத்தில் மக்கள் மிகுதியாக நாடியது மணமக்கள் பகுதியையே. பாரத் மேட்ரிமோனி அதிலிருந்து வளர்ந்ததே. தேவை பொய்யன்று, ஆகவே குறையை ஆராய்வதும் கடமையாகிறது.

தோழியின் நான்கு கடமைகள்

களவு என்பது பெற்றோர் அறியாத காதல். ஆனால் எவரும் அறியாத காதலன்று. தலைவனுக்குப் பாங்கனும் தலைவிக்குத் தோழியும் உளர். அவர்கள் செய்யும் பணிகளுள் நான்கினை இங்கு எண்ணிப் பார்ப்போம்.

ஒன்று, கழறல். தலைவன் காதலுற்றான் என்று அறிந்தவுடன் பாங்கன் முதலில் உதவுவதில்லை, இடித்துரைக்கிறான். பின்னரே அவள் இருக்குமிடம் கேட்டுத் தானே சென்று கண்டு வருகிறான். இரண்டு, சேட்படுத்தல். தலைவன் கையுறையோடு வந்தால், தோழி உடனே வழிவிடாமல் காரணங்கள் பல கூறி அவனை அகற்றி நிறுத்துகிறாள். காலம் தாழ்த்துவதே அவள் செய்யும் சோதனை. மூன்று, வரைவு கடாதல். களவு நீளுமாயின், "மணந்துகொள்" என்று தலைவனை வற்புறுத்துகிறாள். நான்கு, அறத்தொடு நிற்றல். நெருக்கடி வந்தபோது மறைவை உடைத்துச் செவிலியிடம் உண்மையைக் கூறுகிறாள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் இவ்வறத்தொடு நிற்றலே. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடப்பட்டதாகக் கூறப்படும் பாட்டு அது. தமிழ்நெறியை அறிவிக்கத் தேர்ந்த துறை, தோழி வாய்திறக்கும் துறையாக அமைந்தது கருதற்பாலது.

இந்நான்கில் செயலி செய்வது யாது? இடித்துரைப்பதில்லை, புகழ்ந்து தூண்டுகிறது. காலம் தாழ்த்துவதில்லை, விரைவே அதன் பெருமை. மணந்துகொள் என வற்புறுத்துவதில்லை. மணந்தவர் சந்தா கட்டுவதை நிறுத்திவிடுவார். பிறரிடம் எடுத்துரைப்பதும் இல்லை. பாங்கற் கூட்டத்தில் கூட்டத்தை எடுத்துக்கொண்டு பாங்கனை விட்டுவிட்டது செயலி.

குருகின் பார்வை

குறுந்தொகையின் 25ஆம் பாடலில் கபிலர் காட்டும் தலைவி, தன் களவுக்குச் சாட்சி இல்லையே என்று வருந்துகிறாள். உடனிருந்தது ஒரு குருகு மட்டுமே. அதுவும் தன் இரைக்காக ஓடும் நீரை நோக்கி நின்றது. செயலியை நினைக்குந்தோறும் அக்குருகே எனக்கு நினைவுக்கு வருகிறது. அது இருவர்க்கும் இடையில் நிற்கிறது, எல்லாவற்றையும் காண்கிறது, ஆனால் அதன் கண் தன் இரைமேல் உள்ளது.

இது வீண் பழியன்று. பொருத்தம் 30 விழுக்காடே என்று தன் கணக்கு காட்டிய சிலருக்கு 90 விழுக்காடு என்று மாற்றிக் காட்டிச் சோதித்ததாக, ஓகேகியூபிட் நிறுவனர்களுள் ஒருவரான கிறிஸ்டியன் ரடர் 2014இல் தாமே எழுதினார். எண்ணைக் கண்டவர்கள் நம்பிப் பேசினர். மணமானவர்க்கு மறைவுறவு தேடித்தருவதாக விளம்பரம் செய்த ஆஷ்லி மேடிசன் தளத்தைச் சிங்கப்பூர் 2013இல் தடைசெய்தது. 2015இல் அத்தளத்திலிருந்து மூன்று கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் களவாடப்பட்டு அம்பலமாயின. பணம் கட்டத் தூண்டுவதற்குப் பொய்யான பெண் விவரங்களைப் பயன்படுத்தியது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளின்மேல், 2016இல் அந்நிறுவனம் அமெரிக்காவில் 16 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது.

"பழைய தரகர் மட்டும் பொய் சொல்லவில்லையா?" என்று கேட்கலாம். சொன்னார். ஆயிரம் பொய் சொல்லித் திருமணம் செய் என்னும் பழமொழியே உண்டு. அதனை 'ஆயிரம் பேருக்குப் போய்ச் சொல்லி' என்று திருத்தி உரைப்பாரும் உளர். எவ்வாறாயினும், பொய் சொன்ன தரகர் அடுத்த தெருவில் குடியிருந்தார். மறுநாள் அவர் வீட்டுத் திண்ணையில் போய் நின்று கேட்க முடிந்தது. செயலிக்குத் திண்ணை இல்லை.

ஒரு கடிதம்

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியைக் கூறாது விடுதல் முறையன்று. என்னுடன் பல்லாண்டு பணியாற்றிய ஆசிரியை ஒருவர், கணவரை இழந்தவர், ஒருநாள் தம் கைப்பேசியில் வந்த கடிதமொன்றைக் காட்டினார். "இவர் தமிழ் எப்படி இருக்கிறது, ஐயா?" என்று கேட்டார். நான் படித்துப் பார்த்து, "ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை, அம்மா" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. நான் இலக்கணத்துக்குக் கொடுத்த மதிப்பெண்ணை அவர் மனிதருக்குக் கொடுத்த நற்சான்றாக எடுத்துக்கொண்டார் என்பதை நான் அன்று உணரவில்லை.

சில திங்களில், வெளிநாட்டுக் கப்பலில் பணிபுரிவதாகச் சொல்லிக்கொண்ட அம்மனிதருக்கு அவர் தம் சேமிப்பில் பெரும்பகுதியை அனுப்பிவிட்டார். அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று பின்னர் தெரிந்தது. பணம் போனதைவிட, அதனை எவரிடமும் சொல்ல இயலாமல் நாணி இருந்ததே அவரை வாட்டியது.

அக்கடிதத்தைப் பிறகு மீண்டும் படித்தேன். அதில் அன்பு இருந்தது, ஏக்கம் இருந்தது, ஊர் இல்லை. காலையா மாலையா என்பது இல்லை. உண்ட உணவு, பெய்த மழை, பார்த்த மரம் எதுவும் இல்லை. முதற்பொருளும் கருப்பொருளும் இன்றி உரிப்பொருள் மட்டும் நின்ற எழுத்து அது. எவர் எவருக்கும் எழுதலாம், இயந்திரமும் எழுதலாம். முதலும் கருவும் இருந்தால் எழுதியவர் மெய்யர் என்று முடிவுகட்ட இயலாது. ஆனால் அவை அறவே இல்லாதபோது ஐயுறத்தான் வேண்டும். முப்பொருளையும் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான். தேர்வுக்கு உதவிய அப்பாடம், தோழி ஒருத்தி தேவைப்பட்ட வேளையில் எனக்கு உதவாமற் போயிற்று.

பொய்யும் கரணமும்

பொய்யும் குற்றமும் தோன்றிய பின்னரே பெரியோர் மணச்சடங்கை வகுத்தனர் என்று தொல்காப்பியக் கற்பியல் காரணம் கூறுகிறது. சிங்கப்பூரின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. முஸ்லிம் அல்லாதாரிடையேயும் வழக்கத்தின் பெயரால் ஓர் ஆண் பல பெண்களை மணக்க இடமிருந்த நிலையை மாற்றி, ஒருவனுக்கு ஒருத்தி என்பதையும் திருமணப் பதிவையும் கட்டாயமாக்கியது 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம்.

பிறகு அரசே பாங்கனாகவும் முன்வந்தது. பட்டம் பெற்ற பெண்கள் மணமாகாது இருப்பது குறித்துப் பிரதமர் லீ குவான் இயூ 1983இல் பேசினார். 1984இல் பட்டதாரிகளுக்கெனச் சமூக மேம்பாட்டுப் பிரிவும், 1985இல் ஏனையோர்க்கென மற்றோர் அமைப்பும் தோன்றின. பட்டத்தை வைத்து மக்களைப் பிரித்தது குறையே, மக்கள் நகைத்தனர், 2009இல் இரண்டும் ஒன்றாயின. ஆயினும், யாரிடம் கேட்பது என்னும் வினாவுக்கு அங்கு விடை இருந்தது. பட்டத்தால் பிரித்தது தவறெனின், மணமேடைத் தளங்கள் சாதியைக் கட்டமிட்டுக் கேட்பது அதனினும் தவறு. சீர்திருத்தத்துக்காகப் பாடுபட்டு, 1935இல் தமிழ் முரசைத் தோற்றுவித்த கோ. சாரங்கபாணியின் ஊரில் அக்கட்டத்தை நிரப்புவது நமக்குப் பெருமை தாராது.

இன்றைய பொய்க்கு இன்றைய கரணமும் வந்துள்ளது. 2024ஆம் ஆண்டில் எல்லா வகை மோசடிகளிலும் சேர்த்துச் சிங்கப்பூரில் மக்கள் இழந்த தொகை 110 கோடி வெள்ளிக்குக் குறையாது. காதல் மோசடி அவற்றுள் ஒரு வகை. 2025 ஜூலை 1ஆம் நாள் நடப்புக்கு வந்த சட்டத்தின்படி, ஏமாற்றப்படுபவர் எவர் சொல்லையும் கேளாது பணம் அனுப்ப முனைந்தால், அவருடைய வங்கிக் கணக்கை முதற்கட்டமாக 30 நாள் வரை கட்டுப்படுத்தக் காவல்துறை ஆணையிடலாம். சேட்படுத்தும் தோழியின் வேலையை இங்கே சட்டம் செய்கிறது! ஆனால் அது இறுதி வழியாகவே வைக்கப்பட்டுள்ளது. சுற்றத்தார் சொல்லும் பயனற்றுப் போன பின்னரே சட்டம் வருகிறது.

முடிவுரை

ஆகவே, செயலி தரகரும் அன்று, தோழியும் அன்று, இருவரைக் கூட்டுவிக்கும் சந்தை. சந்தைக்குச் செல்வது குற்றமாகாது. தனியே, எவரிடமும் சொல்லாது செல்வதே ஊறு. பெற்றோர் தடுப்பர் என்று அஞ்சி இளையோர் மறைக்கின்றனர். ஊர் நகைக்கும் என்று அஞ்சி முதியோர் மறைக்கின்றனர். மறைவு உள்ள இடமே பொய்க்கு விளைநிலம்.

தமிழாசிரியர் செய்யக்கூடியவை இரண்டு உள. அகப்பாடல் கற்பிக்கும்போது, தோழி கூற்று என்று துறைப்பெயரை மட்டும் எழுதவைத்து விட்டுவிடாமல், அவள் ஏன் தடுத்தாள், ஏன் தாமதித்தாள், ஏன் வாய்திறந்தாள் என்று மாணவரைக் கேட்கவைத்தல் ஒன்று. நம்மிடம் ஒருவர் நாணத்தோடு ஒரு கடிதத்தைக் காட்டும்போது, ஒற்றுப்பிழை பார்ப்பதற்கு முன், "இவர் யார், அம்மா? நேரில் கண்டீர்களா? உடன் யார் வந்தார்கள்?" என்று கேட்டல் மற்றொன்று.

அந்த ஆசிரியை இப்பொழுது என் குடும்பத்தாருடன் பேசுகிறார். சைனாடவுன் கோயிலுக்கு என் துணைவியாருடன் சில வெள்ளிக்கிழமைகளில் சென்று வருகிறார். மீண்டும் துணை தேடுவேன் என்று அண்மையில் சொன்னார், நல்லது என்றேன். "இந்த முறை கடிதம் வந்தால் முதலில் அக்காளிடம் காட்டுகிறேன்" என்றார். அவர் அக்காள் என்றது என் துணைவியாரை. அவருக்கு இலக்கணம் தெரியாது. கேள்வி கேட்கத் தெரியும்.