மேலுறை கிழிந்த செல்: காந்தி மார்க்கெட் ஹெட்லைட்டுகளும் 18650 பேட்டரியும்

திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டில் காய்கறி மொத்த வணிகம் பெரும்பாலும் இரவிலும் விடியலுக்கு முந்தைய பொழுதிலும் நடைபெறுவதால், லாரியிலிருந்து மூட்டை இறக்கும் சுமைப்பணித் தொழிலாளரின் நெற்றியிலும், மண்டியில் சிட்டை எழுதுபவரின் கைக்கெட்டும் தூரத்திலும் ரீசார்ஜ் செய்யக்கூடிய விளக்கு ஒன்று இருப்பது வழக்கமாகிவிட்டது. காவிரிக்கு அக்கரையிலுள்ள ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தைக்கு மல்லிகை அனுப்பும் எட்டரை, கோப்பு போன்ற ஊர்களில் இருட்டோடு பூப்பறிக்கச் செல்பவர்களும் அதே ஹெட்லைட்டைத்தான் தலையில் மாட்டிக்கொள்கின்றனர். இவ்விளக்குகளையும், ஒரே விலையை ஓயாமல் கூவும் சிறு ஒலிபெருக்கிகளையும் திறந்து பார்த்தால், பலவற்றில் விரல் நீளமுள்ள, வண்ணத்தாள் சுற்றியதுபோல் தோன்றும் உருளை வடிவ லித்தியம் செல் காணப்படும். அந்தச் செல்லின் மேல் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும், அது கிழிந்தால் மாற்றுவதற்குக் கிடைக்கும் பொருள்களும், அவ்வுறையைக் காப்பதிலோ கிழிப்பதிலோ விளக்குகளின் அமைப்புக்கு உள்ள பங்கும் இங்கு மதிப்பிடப்படுகின்றன.

இச்செல்லின் பெயராக வழங்கும் 18650 என்ற எண் அதன் அளவைக் குறிக்கிறது, 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், இறுதிச் சுழி உருளை வடிவம் என்பதே அதன் பொருள். இதன் பெயரளவு மின்னழுத்தம் 3.6 அல்லது 3.7 வோல்ட்; முழுதாகச் சார்ஜ் ஆனபின் 4.2 வோல்ட். இச்செல்லைத் தனியாகக் கழற்றி, சட்டைப்பையில் மாற்றுச் செல் ஒன்றையும் வைத்துக்கொண்டு திரியும் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியது மின்சிகரெட் எனப்படும் வேப் கருவி. இந்தியாவில் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்து, அவ்வாண்டின் இறுதியில் நாடாளுமன்றச் சட்டமாக நிலைபெற்ற மின்னணு சிகரெட் தடைச் சட்டம், அக்கருவியின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடை செய்து, முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க வழிசெய்துள்ளதால், வேப் இங்கு விமர்சனத்துக்குரிய பொருளாகாது. ஆயினும் அக்கருவியால் பிற நாடுகளில் நேர்ந்த தீக்காயங்களிலிருந்து பெறப்பட்ட அறிவு, அதே செல்லை நெற்றியில் சுமப்பவர்களுக்கும் உரியதே. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை அந்நாட்டில் ஊடகங்களில் பதிவான மின்சிகரெட் தீ, வெடிப்பு நிகழ்வுகளை 195 எனக் கணக்கிட்டது; அவற்றில் 61 நிகழ்வுகள், கருவியோ மாற்றுச் செல்லோ பையில் இருந்தபோது நேர்ந்தவை.

பையில் சும்மா கிடக்கும் செல் ஏன் தீப்பற்ற வேண்டும் என்பதற்கான விடை அதன் உடலமைப்பில் இருக்கிறது. பலரும் நினைப்பதுபோல் செல்லின் தட்டையான அடிப்பகுதி மட்டும் எதிர்முனை அன்று. நிக்கல் பூசிய எஃகுக் குவளை முழுவதுமே, அதாவது அடிப்பகுதி, பக்கச்சுவர், மேலே உள்நோக்கி மடிந்திருக்கும் தோள்பகுதி அனைத்துமே எதிர்முனைதான். நேர்முனையாகிய மேல்மூடி அக்குவளையின் வாயில் அமர்ந்திருக்க, இரண்டுக்கும் நடுவே மின்காப்புப் பொருளாலான ஒரு வளையம், அதாவது கேஸ்கெட், மட்டுமே பிரிவினையாக நிற்கிறது. ஆகவே நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் இடையிலுள்ள மிகக் குறுகிய தூரம், செல்லின் 65 மி.மீ. நீளமன்று, தலைப்பகுதியில் உள்ள இரண்டொரு மில்லிமீட்டர்தான். அவ்விடத்தை மூடிக் காப்பவை இரண்டு: தோளின்மேல் வைக்கப்படும் வெள்ளை நிறக் காப்பு வளையம், அதையும் சேர்த்துச் செல்லை முழுதும் தழுவி நிற்கும், ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமனே உள்ள பிவிசி மேலுறை. இந்த மேலுறை கிழிந்த இடத்தில் நாணயமோ சாவியோ பட்டு, அதே உலோகம் நேர்முனையையும் தொட்டுவிட்டால், செல்லின் உள்மின்தடை சில பத்து மில்லி ஓம் அளவே என்பதால், பல பத்து ஆம்பியர் மின்னோட்டம் நொடியில் பாயும். இதையே எலக்ட்ரீஷியன்கள் ஷார்ட் என்கின்றனர். 2,500 மில்லி ஆம்பியர் மணி (எம்.ஏ.ஹெச்.) கொள்ளளவுள்ள செல்லில் அடங்கியுள்ள ஆற்றல் சுமார் 9 வாட் மணி, அதாவது 32,400 ஜூல். அறை வெப்பத்திலுள்ள ஒரு டீ கிளாஸ் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அவ்வளவும் இடுப்புப் பையில் சில நிமிடங்களில் வெளிப்பட்டால் என்னாகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. மார்க்கெட்டில் சில்லறையையும் கடைச்சாவியையும் வைக்கும் அகன்ற பெல்ட்டின் பைக்குள் மாற்றுச் செல்லையும் போட்டு வைப்பது இக்காரணத்தால் உடனே கைவிடப்பட வேண்டிய பழக்கம். சில ரூபாய்க்குக் கிடைக்கும் மூடியுள்ள பிளாஸ்டிக் செல் பெட்டி இதற்கு முழுமையான தீர்வு.

எல்லாக் கிழிசலும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல என்பதையும் இங்கே விளக்க வேண்டும். ஏனெனில் கடைகளில் இது குறித்து நிலவும் இரண்டு கருத்துகளும், அதாவது ‘கொஞ்சம் கிழிந்தால் ஒன்றும் ஆகாது’ என்பதும் ‘கிழிந்தால் வெடித்துவிடும்’ என்பதும், பாதி உண்மைகளே. அலுமினியக் குழாய் வடிவ டார்ச்சுகளில் பெரும்பாலானவற்றில் குழாயே எதிர்முனைக் கடத்தியாகச் செயல்படுவதால், செல்லின் நடுப்பகுதியில் உறை கிழிந்து குவளை குழாயைத் தொட்டாலும், எதிர்முனை எதிர்முனையைத் தொடுகிறதே தவிர ஷார்ட் ஆவதில்லை. இரண்டு செல்கள் ஒரே திசையில், இணைச் சுற்றில் பக்கம் பக்கமாகக் கிடக்கும் ஹெட்லைட் பெட்டியிலும் இரு குவளைகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் அவை உரசினாலும் தீங்கில்லை. ஆனால் செல்கள் எதிரெதிர்த் திசையில், தொடர் சுற்றில் அமைந்த பெட்டியில் நிலைமை தலைகீழாகிறது: முதல் செல்லின் நேர்முனை இரண்டாம் செல்லின் குவளையோடு இணைந்திருப்பதால், இரு உறைகளும் கிழிந்து குவளைகள் தொட்டுக்கொண்டால் முதல் செல் முழுதாக ஷார்ட் ஆகிவிடும். எந்தக் கருவியானாலும் தலைப்பகுதிக் கிழிசல்தான் மிகக் கொடியது. அங்கே நேர்முனையை அழுத்தும் உலோகத் தகடு சற்றே விலகினாலும் தோளைத் தொட்டுவிடும். எனவே பழைய செல்லை ஆராய்பவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் தலையை. வெள்ளை வளையம் இருக்கிறதா, உறை அதன் விளிம்பை மடித்து மூடியிருக்கிறதா என்பதை.

கிழிசலைக் கண்ணால் மட்டும் தேடுவது போதாது. மல்டிமீட்டரை 20 வோல்ட் நேர்மின் அளவில் வைத்து, சிவப்புக் கம்பியை நேர்முனையின் நடுவில் நிறுத்திக் கறுப்புக் கம்பியை உறையின்மேல் படுக்கைவாட்டில் மெல்ல நகர்த்தினால், நல்ல உறையின்மேல் சுழியை ஒட்டியே நிற்கும் எண், ஊசிமுனை அளவு கீறலைக் கடக்கும்போதுகூட நான்கு வோல்ட்டை ஒட்டித் தாவிவிடும். அந்தத் தாவலைக் கண்ணால் கண்ட எவரும் செல்லின் பக்கச்சுவரும் ஒரு மின்முனையே என்பதை மறக்கமாட்டார்.

இனி விளக்குகள். காந்தி மார்க்கெட்டைச் சுற்றியுள்ள எலக்ட்ரிக்கல் கடைகளில் பெயர் அறியப்படாத ஹெட்லைட்டுகளே மிகுதி. அவற்றில் பின்தலைப் பெட்டி கொண்ட வகையின் பெரிய குறை, எதிர்முனைச் சுருளுக்கு எதிரே நேர்முனைக்கெனப் பொருத்தப்படும் தகடு வெட்டிய விளிம்போடு, மழுக்கப்படாமலேயே விடப்பட்டிருப்பதாகும். பெட்டிக்குள் செல்லை வைக்கும்போது அடிப்பகுதியால் சுருளை அழுத்தித் தலையைச் சாய்த்து உள்ளே தள்ளவேண்டியிருப்பதால், ஒவ்வொரு முறையும் தோளின் ஒரே இடம் அவ்விளிம்பில் உரசுகிறது. மிக மோசமான இடத்தில் மிக மோசமான உராய்வு. செல்லைத் தூக்கி எடுக்க உதவும் துணி நாடாவும் பல மாதிரிகளில் கிடையாது. அதனால் பயன்படுத்துபவர் ஸ்க்ரூடிரைவரையோ சாவியையோ கொண்டு நெம்புகிறார், உறை அங்கேயும் கிழிகிறது. யுஎஸ்பி துளை வழியாகவே சார்ஜ் ஏற்றும் விளக்குகள், செல்லை அடிக்கடி கழற்றவேண்டிய அவசியத்தையே நீக்கிவிடுவதால் இவ்விஷயத்தில் தெளிவாக மேம்பட்டவை. சில ரூபாய் கூடுதல் கொடுத்தாவது அவ்வகையை வாங்குவதே அறிவுடைமை. கழற்றி ஏற்றும் வகையே கையில் இருக்குமானால், தகட்டின் விளிம்பை உப்புத்தாளால் மழுக்குவதும், செல்லின் கீழே ஒரு சிறு நாடாவை ஒட்டுவதும் புதிய செல் வாங்குவதைவிடப் பயனுள்ள செலவு. கீரைக்கட்டிலிருந்து சொட்டும் நீரும் மூட்டையிலிருந்து உதிரும் மண்ணும் பெட்டிக்குள் புகுந்து அரம்போல் உறையைத் தேய்ப்பதால், பெட்டியை அவ்வப்போது உலர்ந்த துணியால் துடைப்பதும் இதோடு சேர்க்கத்தக்கது.

மாற்று உறை என்ற பெயரில் மூன்று பொருள்கள் புழங்குகின்றன. முதலாவது இன்சுலேஷன் டேப். எளிதில் கிடைக்கிறது என்பதைத் தவிர அதற்கு எந்தச் சிறப்பும் இல்லை. சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் திருச்சியில் அதன் பசை இளகி வழிந்து ஓரம் உரிகிறது, சுற்று ஏறியதும் செல் தடித்துக் குழாய்க்குள் சிக்குகிறது, சிக்கிய செல்லைத் தட்டி எடுக்கும்போது இன்னொரு காயம் நேர்கிறது. இரண்டாவது, ஒயர் இணைப்புகளுக்குப் பயன்படும் கறுப்பு நிற ஹீட் ஷ்ரிங்க் குழாய். இது வலிமையானதெனினும், சுருங்கியபின் சுவர் மிகத் தடித்துவிடுவதால் இறுக்கமான டார்ச்சுகளில் நுழைவதில்லை. மேலும் இதைச் சுருக்க அதிக வெப்பம் வேண்டும், அவ்வெப்பம் செல்லுக்கு ஆகாது. மூன்றாவது, 18650 செல்லுக்கென்றே தட்டையாக மடித்து விற்கப்படும் பிவிசி ஸ்லீவ், 29.5 அல்லது 30 மி.மீ. தட்டை அகலமும் ஏறத்தாழ 72 மி.மீ. நீளமும் உள்ள இதுவே பொருத்தமானது. ஒன்றின் விலை சில ரூபாய்தான். ஆனால் வெள்ளை வளையம் சேர்த்து விற்காத பொட்டலத்தை வாங்குவதில் பொருளில்லை.

உறை மாற்றும் வேலை எளிது, அவசரத்துக்கு மட்டும் இடம் தராதது. மோதிரம், வளையல், உலோகப் பட்டை கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, உலோகமல்லாத மேசையில் வைத்து, பழைய உறையை அடிப்பகுதியிலிருந்து நகத்தாலோ பிளாஸ்டிக் துண்டாலோ உரிக்க வேண்டும். தலைப்பக்கம் பிளேடை வைப்பது கூடாது. புதிய வளையத்தைத் தோளின்மேல் நடுவாக வைத்து, ஸ்லீவை இரு முனையிலும் மூன்று மி.மீ. நீண்டிருக்கும்படி நுழைத்து, முதலில் தலைப்பக்கத்தையும் பிறகு அடிப்பக்கத்தையும் முடி உலர்த்தும் டிரையரால் சூடாக்கினால், பிளாஸ்டிக் தானே சுருங்கித் தோளின்மேல் மடிந்து வளையத்தைப் பிடித்துக்கொள்கிறது. காற்று ஒரே இடத்தில் நில்லாமல் செல் உருண்டுகொண்டே இருப்பின், வேலை முடியும்போதும் அதைக் கையில் பிடிக்கமுடியும். லைட்டராலும் மெழுகுவத்தியாலும் சுருக்கும் வழக்கம் உறையையும் பொசுக்குகிறது, செல்லையும் தீக்குக் காட்டுகிறது.

பாதுகாப்புச் சுற்று பொருத்திய செல்களில் இவ்வேலையே ஆகாது. அவற்றின் அடியில் ஒரு சிறு மின்தட்டும், அதிலிருந்து பக்கச்சுவரின் மேலாகத் தலைவரை ஓடும் மெல்லிய நிக்கல் பட்டையும் உள்ளன. அப்பட்டை நேர்முனையோடு இணைந்தது. உறையை உரிக்கும்போது அதன்கீழுள்ள காப்புத்தாள் கிழிந்தால், நேர்முனைப் பட்டை குவளைமேல் படிந்து, தடுக்க எண்ணிய ஷார்ட்டை மேசையிலேயே உண்டாக்கிவிடும். 65 மி.மீ.ஐவிட மூன்று நான்கு மி.மீ. நீண்டும், பக்கத்தில் ஒரு புடைப்புக் கோடும் இருந்தால் அது இவ்வகைச் செல் என அறியலாம். குவளை நசுங்கியதும், துரு ஏறியதும், தலையருகே ஈரமோ இனிப்பு கலந்த ரசாயன மணமோ உள்ளதுமான செல்களுக்கும் புதிய உறை போடுவது தவறு. உள்ளிருக்கும் காயத்தை வண்ணம் மறைக்குமே தவிர ஆற்றாது.

வண்ணம் மறைப்பது காயத்தை மட்டுமன்று. பழைய லேப்டாப் பேட்டரிகளிலிருந்து பிரித்த செல்களுக்குப் புது உறை மாட்டி, 6,000 என்றும் 9,900 என்றும் எம்.ஏ.ஹெச். அச்சிட்டு விற்பது இந்தியச் சந்தைகளில் புதிதன்று. பெயர்பெற்ற நிறுவனங்களின் 18650 செல்களே பெரும்பாலும் 3,600ஐத் தாண்டாத நிலையில், அந்த எண்களே பொய்யைக் காட்டிக்கொடுக்கின்றன. எடையும் காட்டிக்கொடுக்கும்: நல்ல செல் 45 கிராமை ஒட்டி இருக்கும், 30 கிராமுக்குள் நிற்பது பெரும்பாலும் ஏமாற்று. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 தொடக்கத்தில், பேட்டரித் தொகுப்புகளிலிருந்து பிரித்து, புது உறையிட்டுத் தனியே விற்கப்படும் 18650 செல்களை வாங்க வேண்டாம் என எச்சரித்தது. இந்தியாவில் லித்தியம் செல்களுக்கு ஐ.எஸ். 16046 தரநிலையின்கீழ் கட்டாயப் பதிவு உள்ளது, பி.ஐ.எஸ். முத்திரையும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இல்லாத செல்லை, விலை எவ்வளவு குறைந்தாலும், தலையில் கட்டிக்கொள்ளும் விளக்குக்கு வாங்கலாகாது. தன் செல்லுக்குத் தானே உறை மாற்றுபவரும் பழைய உறையிலுள்ள நிறுவனப் பெயர், கொள்ளளவு, தேதிக் குறியீடு ஆகியவற்றைப் புதிய உறைமேல் மார்க்கரால் எழுதிவைப்பது அவசியம். இல்லையெனில் சில மாதங்களில் அதுவும் அடையாளமற்ற செல்லாகிவிடும்.

மொத்தத்தில், யுஎஸ்பி வழியே சார்ஜ் ஆகும், செல் பெட்டியின் தகடு மழுங்கிய ஹெட்லைட்டும், பதிவெண் உள்ள செல்லும், வளையத்தோடு வரும் பிவிசி ஸ்லீவும், மாற்றுச் செல்லுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் சேர்ந்த ஏற்பாடே பரிந்துரைக்கத்தக்கது. இன்சுலேஷன் டேப்பும் ஒயர் குழாயும் பரிந்துரைக்கத்தக்கவை அல்ல. கைவிடப்படும் செல்லின் இரு முனைகளையும் டேப்பால் ஒட்டி, அழுகிய காய்கறியோடு சேர்ந்து குப்பைக் கிடங்குக்குப் போகாமல் மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடமோ விற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர், இறக்குமதியாளர் மீது சுமத்தியுள்ளன.