பெயர் பெறாத மதலைக்கு ஒப்பாரி உண்டா?

புறநானூற்றின் 74ஆம் பாடலைப் பள்ளிப் பருவம் முதல் மானத்தின் இலக்கணமாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்தில் சிறையிருந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை, காலந்தாழ்ந்து கிடைத்த தண்ணீரைப் பருகாமல் உயிர்விடுமுன் சொன்னது என்று அதன் அடிக்குறிப்பு கூறும். நம் கண்ணெல்லாம் அந்த நீரிலேயே தங்கிவிட்டது. பாடல் தொடங்குவதோ வேறிடத்தில். குழந்தை இறந்து பிறந்தாலும், உருப்பெறாத தசையாகவே விழுந்தாலும், அதனையும் தம் குடியின் ஓர் உயிராக எண்ணி, போரில் மாண்டவர்க்குரிய வாள்தழும்பை அதற்கும் தந்தே அடக்கம் செய்யும் வழக்கத்தை அரசன் நினைவுகூர்கிறான்.

வழக்கத்தின் கடுமை நமக்கு உவப்பன்று. எனினும், கருவில் கலைந்ததையும் ஆளாகக் கணக்கிட்ட சமூகம் அது என்பதை மறுப்பதற்கில்லை. குறை எங்கே எனில், பாடலில் தாய் இல்லை. மரியாதை உண்டு; கண்ணீர் இல்லை. அரசன் தன் அவமானத்தை அளக்க எடுத்த அளவுகோலாகவே அக்குழந்தை நின்றுவிடுகிறது.

நம் ஒப்பாரியும் இங்கே கைவிரிக்கிறது. இறந்தவர் செய்ததையும் கொடுத்ததையும் உறவுமுறை சொல்லி அழுவதே பெரும்பாலும் அதன் மரபு. ஒன்றும் செய்யாமல், ஒரு பெயரும் பெறாமல் போன பிள்ளையை எதைச் சொல்லி அழுவது? பென்னலூரை எண்ணிப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆலைகளை நம்பி வந்து வாடகை அறைகளில் குடியேறிய இளம் தம்பதியர்க்கு, கூட அமர்ந்து அழ அத்தையுமில்லை, பாட்டியுமில்லை. கருச்சிதைவுற்ற தாய்க்கு 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் ஊதியத்துடன் 6 வார விடுப்பு வகுத்தது. (தந்தைக்கு அச்சட்டத்தில் ஒரு நாளும் இல்லை.)

ஏரோது குழந்தைகளைக் கொன்றதைச் சொல்லும் மத்தேயு, ஆறுதலை ஏற்க மறுக்கும் இராகேலின் அழுகையை அவ்விடத்தில் நிறுத்துகிறார். அதை அடக்கவுமில்லை, அதற்கு விளக்கம் சொல்லவுமில்லை. நம் பக்தி நூல்கள் பலவோ ‘ஆண்டவர் சித்தம்’ என்றும் ‘சம்மனசாயிற்று’ என்றும் ஒரே மூச்சில் முடித்துவிடுகின்றன. நற்செய்தியாளருக்கு இருந்த பொறுமை நம் எழுத்தாளர்க்கு இல்லாது போனது இலக்கிய வறுமையே அன்றோ?

அவ்வறுமைக்கு ஒரு வரலாறும் உண்டு. திருமுழுக்குப் பெறாமல் இறந்தோர்க்குத் திருச்சபை அடக்கத்தைப் பொதுவாக மறுத்தது 1917ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு. ‘லிம்போ’ என்னும் கருத்து விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் வரையறுக்கப்படாவிடினும், தாய்மாரின் நெஞ்சில் கல்லாய்க் கிடந்தது. 1983ஆம் ஆண்டின் தொகுப்போ, பெற்றோர் திருமுழுக்களிக்க எண்ணியிருந்து அதற்குள் இறந்த குழந்தைக்கு அடக்கச் சடங்கை ஆயர் அனுமதிக்கலாம் என்கிறது (எண் 1183). 1992இல் வந்த மறைக்கல்வி நூல் இக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைத்தது. 2007இல் பன்னாட்டு இறையியல் ஆணையம், அவர்கள் மீட்படைவர் என நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டெனக் கூறியது. உறுதியான அறிவு என்று அது சொல்லவில்லை. நம்பிக்கை என்றே சொன்னது. அந்த அடக்கம் நமக்குப் பிடித்திருக்கிறது.

திருப்பலி நூலில் திருமுழுக்குக்கு முன் இறந்த குழந்தைக்கென்றே தனி மன்றாட்டுகள் உள்ளன. குழந்தையைப் பற்றிச் சிறிதே பேசி, பிள்ளையை இழந்து ஏங்குவோரின் பாரத்தையே அவை இறைவன்முன் வைக்கின்றன. புறநானூற்று அரசன் விட்டுவிட்ட தாயை நாம் அங்கே காண்கிறோம். பங்குத்தந்தையிடம் கேட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவார்.