ஒருவரே பேசும் மேடையில் மற்றவர் எங்கே?

நயினாதீவுக்கு ஒரு நாடகக் குழு வருவதென்றால் குறிகட்டுவானில் வள்ளம் ஏற வேணும். ஆளும் சாமானும் கூடினால் செலவும் கூடும். அதனால் ஓராள் நாடகம் எங்கட தீவுகளுக்குத் தோதானது என்று நினைப்பதுண்டு. ஆனால் அந்த வடிவத்துக்கு ஒரு குறையும் இருக்கு.

ரேமண்ட் ஃபிட்ஸ்சைமன்ஸ் எழுதிய ‘எட்மண்ட் கீன்’ பேர்பெற்ற ஓராள் நாடகம். ‘காந்தி’ படத்தில் நடித்த பென் கிங்ஸ்லி அதை 1983இல் லண்டனிலும் நியூயோர்க்கிலும் நடித்தார். அவருடைய தகப்பனார் குஜராத்தி இஸ்மாயிலிக் குடும்பத்தவர்.

கீன் 1814இல் லண்டன் மேடையில் ஷைலொக்காக வந்து ஒரே இரவில் பெயரெடுத்தவர். புகழ், குடி, வழக்கு, அவமானம் எல்லாம் கண்டவர். 1833 மார்ச் 25இல் கொவன்ட் கார்டன் அரங்கில் ஒத்தெல்லோவாக நடித்துக்கொண்டிருந்தபோது, கூட நடித்த மகனின் கைகளில் சரிந்தார். மே 15இல் காலமானார். தனியொருவர் நடிக்க இதைவிட நல்ல கதை கிடைக்காது.

ஆனால் ஒத்தெல்லோ யார்? வெனிஸ் நகரத்து ‘மூர்’. போர்த்துக்கேயர் இலங்கைச் சோனகருக்கு வைத்த பெயரும் அதுதான். இன்றும் ஆங்கிலக் குடிசன மதிப்பீட்டில் நாங்கள் ‘மூர்’தான். அந்த மூராக வெள்ளையர்தான் முகத்தில் சாயம் பூசி நடித்தார்கள். கீன் அந்தக் கறுப்பையும் குறைத்து மாநிறமாக்கினார்.

கீன் விழுந்தபின், ஏப்ரல் 10இல் அதே மேடையில் அதே வேடத்தில் வந்தவர் ஐரா ஓல்ட்ரிஜ், நியூயோர்க்கில் பிறந்த கறுப்பினத்தவர். பத்திரிகைகள் சில அவருடைய நிறத்தைச் சொல்லியே தூற்றின. இரண்டு இரவோடு அங்கே நிறுத்திப்போட்டார்கள். பிறகு ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும் பெரும்புகழ் பெற்று, 1867இல் பயணத்திலேயே போலந்தில் கண்மூடினார்.

கீனின் வாயால் சொல்லும் கதை கீனோடு முடியும். அடுத்து வந்தவருக்கு அதில் குரலில்லை. இது கிங்ஸ்லியின் பிழையல்ல. 2012இல் லோலிதா சக்ரபர்த்தி ‘ரெட் வெல்வெட்’ நாடகத்தைப் பல பாத்திரங்களோடு எழுதினார். அதில் ஓல்ட்ரிஜும் பேசுகிறார், அவரோடு மேடையேற மனமில்லாதவர்களும் பேசுகிறார்கள்.

நயினாதீவில் அம்மன் கோயிலும் நாகவிகாரையும் பள்ளிவாசலும் இருக்கு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். வடக்கின் கதையை ஒரே குரலில் சொன்னால் அந்த ஒக்டோபர் விடுபட்டுப்போகும். நாளைக்கு எங்கட பிள்ளை ஒன்று தனியாக மேடையேறினால், தன்ர பக்கத்தை மட்டும் சொல்லி இறங்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரின் குரலிலும் அது பேச வேணும்.