பெயர்முன் நிற்கும் பட்டம்

பங்குகள்தோறும் வெளியாகும் விழா மலர்களின் உரைநடையைப் பற்றி ஒரு சொல் கூற விழைகிறோம். பரளச்சி போன்ற வானம்பார்த்த சிற்றூர்களுக்கும் இம்மலர்கள் வந்து சேருகின்றன. அவற்றின் முதற்பக்கங்களில் ‘செவாலியர்’ என்னும் சொல் சிலர் பெயருக்கு முன் ஏறி நிற்கும். எப்பணிக்காக அப்பட்டம் கிடைத்தது என்பதை மலர் முழுதும் தேடினும் காண்டல் அரிது. இதனை எழுத்தின் குறையென்றே கொள்கிறோம்.

செவாலியர் என்பது குதிரையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. குதிரை வீரன் என்பதே அதன் பொருள். இடைக்கால ஐரோப்பாவில் இவ்வீரனைத் திருநிலைப்படுத்தத் தனிச் சடங்கே இருந்தது. ஆயர் வாளை ஆசீர்வதித்து அவன் இடையில் கட்டுவார். கன்னத்தில் மெல்லத் தட்டுவார். திருச்சபையையும் கைம்பெண்களையும் அனாதைகளையும் காப்பதே அவன் ஏற்ற கடமை. 1971ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்கு முன் உறுதிபூசுதல் பெற்ற மூத்தோர், தம் கன்னத்தில் ஆயர் தட்டியதை இங்கு நினைவுகூரலாம். அந்நாளில் இவ்வீரம் வாக்குறுதியாக இருந்தது, பரிசாக இருக்கவில்லை.

பின்னர் அது மன்னர் வழங்கும் வெகுமதியாயிற்று. போர்த்துக்கல்லில் 1319இல் தோன்றிய கிறிஸ்து சபை துறவற வீரர்களின் சபை. இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அதன் பட்டம் நம் கடற்கரைவரை வந்தது. 1513இல் கோழிக்கோட்டுச் சாமூதிரியின் தூதராக லிஸ்பனுக்குச் சென்ற இளைஞர் ஒருவர் அங்கே திருமுழுக்குப் பெற்று, ஜோவான் த குரூஸ் என்னும் பெயருடன் அச்சபையின் வீரராகத் திரும்பினார். குதிரை வீரர் பட்டம் பெற்ற அவர் செய்த தொழிலோ குதிரை வாணிகம்! எனினும் முத்துக்குளித்துறைப் பரதவர் இன்னலுற்றபோது அவர்களுக்கும் போர்த்துக்கீசியருக்கும் இடையே நின்று வழிகாட்டியவர் அவரே. 1530களில் அக்கடற்கரை மக்கள் திருமுழுக்குப் பெற்ற வரலாற்றில் அவருக்கு இடமுண்டு. அவ்விடத்தைத் தந்தது லிஸ்பனில் பெற்ற பட்டமன்று. கன்னியாகுமரிக் கரையில் ஆற்றிய செயல்.

திருத்தந்தையரின் இன்றைய வீரப் பட்டங்கள் காலத்தால் பிந்தியவை. புனித கிரகோரியார் பெயரிலான விருது 1831இலும், புனித சில்வெஸ்தர் பெயரிலானது 1841இலும் ஏற்பட்டன. பொதுநிலையினரின் தொண்டை மதிக்கும் இவ்வேற்பாடு நல்லதே. அதனை நாம் பழிக்கவில்லை.

பட்டம் தமிழர்க்குப் புதிதுமன்று. ஏனாதி, எட்டி, காவிதி என்பன பண்டைத் தமிழ்வேந்தர் வழங்கியவை. நம் சேதுநாட்டு இரகுநாத சேதுபதியும், மைசூர்ப் படையெடுப்பின்போது திருமலை நாயக்கருக்குத் துணைநின்று ‘இராணி சொல் காத்தான்’ எனப் பட்டம் பெற்றார். அப்பட்டத்தின் அழகைப் பாருங்கள்: செய்த செயல் பட்டத்திற்குள்ளேயே இருக்கிறது. செவாலியர் என்னும் சொல்லுக்கு அவ்வசதி இல்லை. ஆகவே எழுதுவோன்தான் செயலைச் சொல்லவேண்டும். நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான நம் கத்தோலிக்கர் ஏ. டி. பன்னீர்செல்வம் ‘சர்’ பட்டத்தோடே இன்றும் வழங்கப்பெறுகிறார். 1940இல் விமான விபத்தில் மறைந்த அப்பெருமகனைத் தமிழன்பர் போற்றுவது, திருவையாற்றில் வடமொழி மட்டும் கற்பித்த கல்லூரியில் தமிழுக்கும் இடம் தேடித் தந்தமைக்காக. இதனைச் சொல்லாது ‘சர்’ என்று மட்டும் எழுதினால் அவரைப் பற்றி என்ன எழுதினோம்?

நம் அரசியலமைப்பின் 18ஆம் விதி அரசு பட்டம் வழங்குவதை விலக்கியது. பத்ம விருதுகளைப் பெயரோடு ஒட்டி எழுதலாகாது என்று உச்ச நீதிமன்றமும் 1995இல் கூறிற்று. விருது வேறு, பெயரின் உறுப்பு வேறு என்னும் இத்தெளிவு மலர்க் குழுவினருக்கும் வேண்டும்.

பட்டத்தை அச்சிடட்டும், ஆனால் அதன்கீழ் அது எதற்கு வந்தது என்பதை இரண்டு வரியில் எழுதட்டும். எழுத ஒன்றும் கிட்டாவிடில் அந்த இடத்தில், ஆலயச் சுவர் எழும்பக் கூலியின்றிக் கல்லும் மண்ணும் சுமந்தவர்களின் பெயர்களை அச்சிடலாம். இவ்வறண்ட சீமையில் ஒருநாள் கூலியை விடுவது எத்தகைய காணிக்கை என்பதை நன்கொடைப் பட்டியல் காட்டுவதில்லை.