நல்ல ஆவியின் ஓசை

வாளையார் தாண்டிப் பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்தால் வரும் கஞ்சிக்கோடு, வால்வுகளின் ஊர். 1970களில் இங்கே வந்த இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட் தொழிற்சாலை, மின்நிலையங்களில் ஆவியையும் நீரையும் அளந்து விடும் கன்ட்ரோல் வால்வுகளுக்குப் பேர்போனது. அந்தப் பெரிய வித்தையின் சின்ன வடிவம் நம் அடுக்களை மேடையிலேயே இருக்கிறது. ஆவிக்கெனத் தனி பாய்லர் வைத்த வீட்டு எஸ்பிரெஸோ இயந்திரத்தைத்தான் சொல்கிறேன்.

1901இல் மிலான் நகரத்து பெட்ஸேரா காப்புரிமை பெற்ற இயந்திரத்தில் காபித்தூளின் வழியே நீரைத் தள்ளியது ஆவியின் அழுத்தம்தான். பிறகு காஜியா என்பவரின் பிஸ்டன் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. ஆவிக்குப் பால் மிஞ்சியது. என் கண்ணில் அதுவே பெரிய பொறுப்பு.

நல்ல ஆவி குழாய் நுனியில் கண்ணுக்குத் தெரியாது; சற்றுத் தள்ளித்தான் வெண்மையாகும். பாலில் இறங்கியதும் துணி கிழிவதுபோல் சில நொடி சீறி, உடனே ஓசை தணிந்து பால் சுழலத் தொடங்கும். கேஜ் முள் 1 பாரில் நின்றால் உள்ளே தண்ணீரின் சூடு சுமார் 120 டிகிரி. 150 மில்லி குளிர்ந்த பாலை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 15 கிராம் ஆவி போதும். ஆவி ஈரமாக வந்தால் பாலில் தண்ணீர் கூடி, நுரை சோப்புக் குமிழாக உடையும்.

இதில் என்னை மிகவும் கவர்ந்த கோளாறு பொய் அழுத்தம். முள் 1 பாரைக் காட்டும். குழாயைத் திறந்தால் இரண்டு மூச்சு சீறிவிட்டு ஓய்ந்துவிடும். காரணம், பாய்லருக்குள் சிக்கிய காற்று. குக்கரில் ஆவி பீறிட்டு வரும்வரை வெயிட் போடாமல் காத்திருக்கிறோமே, அது உள்ளிருக்கும் காற்று முதலில் வெளியேறத்தான். இயந்திரத்தில் அந்தக் காத்திருப்பு வேக்குவம் பிரேக்கர் வால்வின் பொறுப்பு. ஆறியிருக்கும்போது அது திறந்திருக்கும்; சூடேறக் காற்றை வெளியே விட்டு, ஆவி வந்ததும் மேலெழுந்து மூடிக்கொள்ளும். மூடியபடியே ஒட்டிக்கொண்டால், சிக்கிய காற்றும் சேர்ந்து முள்ளை உயர்த்திவிடும். அழுத்தத்தைக் கண்காணிக்கும் பிரஷர்ஸ்டாட் ஏமாந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். தண்ணீரோ பெரும்பாலும் 100 டிகிரியைக்கூடத் தொட்டிருக்காது. சூடேறும்போது ஆவிக்குழாயைச் சற்றே திறந்து, காற்று போய்த் தொடர்ந்து ஆவி வந்தபின் மூடுங்கள். முள் மறுபடி ஏறி நிற்கும்போது ஆவிக்கு வலு இருந்தால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. மறுநாள், இயந்திரம் நன்றாக ஆறி மின்சாரம் துண்டித்த நிலையில், அந்த வால்வைக் கழற்றித் துடைத்து, ரப்பர் வளையம் இறுகியிருந்தால் மாற்றுங்கள். அது திறந்தபடியே நின்றுவிட்டால் கோளாறு வேறு விதம்: மேலே ஓயாமல் சீறும், அழுத்தம் ஏறவே ஏறாது.

மற்றவை எளியவை. முள் சரியாக இருந்தும் ஆவி மெலிந்தால் நுனித் துளையில் காய்ந்த பாலைத் தேடுங்கள். தண்ணீர் தெறித்தால் பாய்லர் அளவுக்கு மேல் நிரம்பியிருக்கிறது. நீர்மட்ட உணர்கம்பியில் உப்பு படிந்தால் அப்படி ஆகும். போர்வெல் தண்ணீரை ஊற்றும் வீடுகளில் இது சீக்கிரமே வரும். பக்கத்துச் சிறுவாணியின் மென்னீர் வாய்த்த கோவைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஆவி குறைந்ததும் பிரஷர்ஸ்டாட் திருகைத் திருப்பி அழுத்தத்தைக் கூட்டுவது பலருக்கும் வரும் முதல் யோசனை. அது தவறான வைத்தியம். அடைப்பும் காற்றும் அப்படியே இருக்க, பாய்லர்தான் கூடுதல் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும். நுனி, நீர்மட்டம், வேக்குவம் பிரேக்கர் மூன்றையும் பார்த்த பிறகே அந்தத் திருகைத் தொடுங்கள். சேஃப்டி வால்வு கசிந்தால் புதிதாக மாற்றுங்கள். எக்காரணம் கொண்டும் அதை அடைக்காதீர்கள்.