பிஸ்லியில் ஒரு போர்த் தோட்டா

இங்கிலாந்தின் பிஸ்லி துப்பாக்கி சுடும் மைதானத்தில் ஆயிரம் கஜ இலக்கைப் பல பத்தாண்டுகள் துளைத்தது, போருக்கென்று பிறந்த .303 தோட்டா. ஆலையில் மொத்தமாகச் செய்த ராணுவச் சரக்கு. ஒவ்வொன்றின் வேகமும் சற்று மாறும். ஆனால் அதைச் சுட்ட லீ-என்ஃபீல்டு துப்பாக்கியில், தோட்டாவை அடைத்துப் பூட்டும் போல்ட் பின்பக்கம் பூட்டிக்கொள்வது. அதனால் சுட்டதும் துப்பாக்கி நெளிந்து குழல் அதிர்கிறது. மெதுவான குண்டு தாமதித்து, குழலின் வாய் சற்றே மேல்நோக்கும் கணத்தில் வெளியேறும். வேகமானது தாழ்வாகக் கிளம்பும். நெடுந்தூரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் போய்ச் சேரும். குறையைக் குறையே ஈடுசெய்கிற இந்த அழகு வேறெந்த ராணுவத் தோட்டாவிலும் என்னை இவ்வளவு மயக்கியதில்லை! பின்னர் 7.62 மி.மீ. தோட்டா அதன் இடத்துக்கு வந்தது. .303-க்கு உந்துவிசை தந்த கார்டைட், நம் நீலகிரி அருவங்காட்டிலும் தயாரானது.